மூன்றாம் வரி, ஈரக் கயிறு

நாற்பத்தோரு வயதில்
எட்டு வரிக் கவிதை ஒன்றைப் பற்றி
ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்:
"இக்கவிதை மிக அழகானது.
கவிஞர் தம் துயரத்தை
உள்ளம் உருகச் சொல்கிறார்."
அரைத்த மாவையே அரைத்து
மீதிப் பக்கத்தையும் நிரப்பினேன்.

தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில், பென்சிலில், ஒரே சொல்:
எங்கே?

எர்கெகலி என் மூத்த மகனைவிட
நான்கு வயது பெரியவன், அவ்வளவுதான்.
மாதம் இரண்டு சனிக்கிழமை
அக்தொகாயிலிருந்து ரயிலேறி வருவான்.
சுங்க அலுவலக உணவுக்கூடத்தில் வகுப்பு.
மேசைகளில் சூப் வாசனை போகாது.
வெளியே தோஸ்திக்கின் காற்று.
எதிர்த்து நடப்பவர் சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்தே
யாரென்று தூரத்தில் சொல்லிவிடலாம்.

என்ன 'எங்கே'? முழுக்கத்தான் அழகு என்று
ஜவுரெஷிடம் பொரிந்து தள்ளினேன்.
அவள் தாளில் 'யார் சொன்னது?' என்று இருந்தது.
கொஞ்சம் ஆறுதல்.

என் வேலை சக்கரம் தட்டுவது.
நீண்ட பிடிச் சுத்தியல், நெற்றியில் விளக்கு,
எல்லை தாண்டி வந்து நிற்கும் சரக்குப் பெட்டிகளின் கீழே
ஒவ்வொன்றாக.
நல்ல இரும்பு நீள ஒலிக்கும்.
விரிசல் விட்டது இருமி அடங்கும்.
"சக்கரம் சரியில்லை" என்று பதிவேட்டில் எழுதினால்
ஃபோர்மன் போலாத் முகத்தில் விட்டெறிவார்.
பெட்டி எண், எத்தனையாவது அச்சு,
இடமா வலமா, விரிசல் எத்தனை மில்லிமீட்டர்.
பதினாறு வருடமாக எழுதுகிறேன் இதை.

அதிகாலை மூன்று மணி,
நாற்பத்திரண்டாவது பெட்டிக்குக் குனிந்தபோது
சிரிப்பு வந்துவிட்டது.
எங்கே என்றுதானே கேட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
கவிதையை எடுத்தேன்.
குதிரை போய்விட்டது. முளையில் கயிறு மட்டும்.
முதல் வரியில் வெறும் கயிறு.
மூன்றாம் வரியில் ஈரக் கயிறு.
இடையில் மழை இல்லை.
தேடினேன். ஆறு இல்லை, பனி இல்லை,
குதிரையின் பெயர்கூட இல்லை.
அழுதார் என்று எங்கேயுமே இல்லை.
நான்தான் அவரை
முதல் பக்கத்தில் உருக வைத்திருக்கிறேன்.

அன்று தூங்கவில்லை.
நான்கு பக்கம் எழுதினேன்:
சக்கரம், சுத்தியல்,
சொல்லைத் தட்டிக் காது கொடுப்பது,
எனக்கே என்னைப் பிடித்துப்போன நான்கு பக்கம்.
இரண்டரைப் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்து
அனுப்பியிருந்தான்:
"இது நீங்கள். கயிற்றுக்குத் திரும்புங்கள்."

திரும்பினேன்.
குதிரையின் வியர்வை என்கிறாள் ஜவுரெஷ்,
போய் நெடுநேரம் ஆகியிருக்காது.
கண்ணீர், வேறென்ன என்கிறான்
சிக்னல் அறைத் தானியார்.
எனக்கென்னவோ
குடிக்கக் குனிந்தபோது கயிறும்
தொட்டியில் விழுந்திருக்கும் என்று படுகிறது.
கடைசியாகத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான்
அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்.
விற்றவரேதான் எழுதியிருக்கிறார்.

முன்னால் 'ஒருவேளை' சேர்க்கச் சொன்னான்.
பதினாறு வருடத்தில்
அந்தச் சொல்லை நான் எழுதியதே இல்லை.
'ஒருவேளை விரிசல்' என்று குறித்துவிட்டு
எழுபது டன் பெட்டியை அனுப்பிவைக்க முடியுமா?

எழுதினேன். ஒருவேளை.
கை கூசியது.
நூற்றுக்கு அறுபத்தொன்று.

நேற்றிரவு
பதினேழாவது பெட்டி, இரண்டாம் அச்சு, வலம்.
ஒலி நீளவுமில்லை, இருமவுமில்லை.
இன்னொரு தட்டு.
முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு
இன்னொன்று.
ரேடியோவில் போலாத் கத்தினார்,
பதினோரு நிமிடமாக வண்டி நிற்கிறது,
அப்படி என்னதான் கேட்கிறது உனக்கு?

சொல்லத் தெரியவில்லை.
இருங்கள் என்றேன்,
இன்னும் படித்து முடியவில்லை.